முதல் பன்னிரண்டு மாதங்கள்



ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலத்திலும் உங்கள் சபைகளிலிருந்து நம் மருத்துவமனைக்குப் பார்சல்கள் வருகின்றன. போர்வை, சோப்பு, குழந்தைச் சட்டை, இவற்றோடு பால்பவுடர் டப்பாக்களும் இருக்கும். நீங்கள் அன்போடு வாங்கி அனுப்பிய அந்த டப்பாக்களைச் சில ஆண்டுகள் நாங்களும் நன்றியோடு பெற்று, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இனி அவற்றை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். ஏன் வேண்டாம் என்பது விளங்க, ஒரு குழந்தை பிறந்து ஓராண்டு ஆகும்வரை அதற்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

வரிசை வீட்டில் கண்ட டப்பா

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் பயணம் செய்தவர்கள் ஏரியையும் வயலையும் பார்த்திருப்பார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் இன்னொரு பெரிய கார் தொழிற்சாலை வந்தது. கைபேசித் தொழிற்சாலைகளும் வந்தன. அவற்றில் ஒன்று 2014இல் மூடப்பட்டது. பிறகு வேறு நிறுவனங்கள் வந்தன. இன்று வல்லம், மாத்தூர், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கம்பெனி பஸ்தான் கண்ணில் படுகிறது.

அந்தப் பஸ்களில் போகிறவர்களில் பெரும்பங்கு இளம்பெண்கள். அவர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மணமாகாத பெண்ணுக்கு விடுதி உண்டு. மணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவள் எங்கே போவாள்? கிராமத்து ஓரங்களில் ஒற்றை அறைகளாகக் கட்டி வாடகைக்கு விடப்படும் வரிசை வீடுகளுக்குத்தான் போகிறாள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவளும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவளும் அங்கே அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கிறார்கள்.

அப்படி ஒரு வரிசையிலிருந்து எட்டு மாதப் பெண் குழந்தையை நம்மிடம் கொண்டுவந்தார்கள். பிறந்தபோது எடை 2.7 கிலோ. எட்டு மாதத்தில் ஐந்தரைக் கிலோ. ஐந்தாம் மாதத்தில் எட்டியிருக்க வேண்டிய எடையைத்தான் எட்டாம் மாதத்தில் தொட்டிருந்தது. உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிலுகிலுப்பையை ஆட்டினால் பார்த்தது, கை நீட்டவில்லை.

தாய் ஒப்பந்தத் தொழிலாளி. கருவுற்ற ஆறாம் மாதத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வாடகை நிற்குமா? குழந்தைக்கு மூன்று மாதம் முடியுமுன்னே வேறொரு ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போய்விட்டாள். பக்கத்து அறை அக்கா, தன் இரண்டு பிள்ளைகளோடு இதையும் பார்த்துக்கொண்டார்.

நம் செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அலமாரியில் ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது.

"ஏம்மா, இது எத்தனை நாளைக்கு வருது?"

"இருபது நாள் வரும் சிஸ்டர். நாலு கரண்டி போடற எடத்துல ஒண்ணு போடுவோம்."

"மொத டப்பா யார் வாங்கினது?"

"நீங்கதானே சிஸ்டர் கிறிஸ்துமஸுக்குக் குடுத்தீங்க."

அந்தப் பதில் நம் ஊழியர் கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது வெகுநேரம் யாரும் பேசவில்லை.

முதல் ஆண்டில் நடப்பது என்ன?

குழந்தை பிறக்கும்போது சராசரியாக 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கிறது. ஓராண்டில் ஏறக்குறைய 75 ஆகிறது. எடை ஐந்து மாதத்தில் இரட்டிப்பாகி, ஓராண்டில் மும்மடங்காகிறது. மூளையின் அளவும் இந்த ஓராண்டுக்குள் ஏறத்தாழ இருமடங்காகிறது. வாழ்நாளில் வேறெந்த ஆண்டிலும் இவ்வளவு வளர்ச்சி இல்லை. ஆகவே இந்த ஆண்டில் உணவு குறைந்தால் எடை மட்டும் குறைவதில்லை; உட்காருவதும் தவழுவதும் பேச்சும் பின்தங்கக்கூடும்.

தமிழர்கள் இதை நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. 1985இல் அருள் செல்லத்துரை எழுதிய இயேசுபிரான் பிள்ளைத்தமிழை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். அப்பருவங்களுக்கு மாதக் கணக்கும் உண்டு. நூலுக்கு நூல் அது சற்று மாறும். பொதுவாக, தலை நிமிர்த்திக் கையூன்றி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம், உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், முத்தம் பதினோராம் மாதம், நடந்து வரும் வருகை ஓராண்டு நிறையும்போது.

இன்றைய அளவுகோலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நலமான குழந்தைகளைக் கவனித்து 2006இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. அதன்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 முதல் 9 மாதத்துக்குள்; பிடித்துக்கொண்டு நிற்பது 5 முதல் 11 மாதத்துக்குள்; தனியாக நடப்பது 8 முதல் 17 மாதத்துக்குள். எல்லைகள் எவ்வளவு அகலமாக இருக்கின்றன என்று கவனியுங்கள். எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று பதினோரு மாதக் குழந்தையின் தாய் அழ வேண்டியதில்லை. தவழாமலேயே எழுந்து நடக்கும் நலமான குழந்தைகளும் உண்டு.

*முதல் இரண்டு மாதம்:* பிறந்த குழந்தைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரமே தெளிவாகத் தெரியும். மார்பில் கிடக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். தாயின் குரலை அது பிறக்கும்போதே அறியும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும்.

*மூன்று முதல் ஐந்து மாதம்:* கழுத்து நிற்கும். தன் கையைத் தானே பார்த்து வியக்கும். குப்புற விழும். நாம் "ஊ" என்றால் அதுவும் "ஊ" என்று சொல்லிவிட்டு, நாம் மறுபடி சொல்வதற்காகக் காத்திருக்கும். பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

*ஆறு முதல் எட்டு மாதம்:* உட்காரும். "பாபா, தாதா" என்று அடுக்கும். புதிய முகம் கண்டால் அழும். இதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். தன்னுடையவர் யார் என்று குழந்தை அறிந்துகொண்டதற்கு இது அடையாளம்.

*ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம்:* தவழும், பிடித்து நிற்கும். கீழே கிடக்கும் ஒரு பொரியை இரண்டு விரலால் எடுக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும். கைகாட்டி "டாட்டா" சொல்லும்.

இவை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆள் தேவை. குழந்தை சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க ஒருவர், கூவினால் பதிலுக்குக் கூவ ஒருவர். கைபேசி இந்த வேலையைச் செய்யாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரை காட்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கைபேசி செய்யும் ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் கடினந்தான். ஆனாலும் சொல்கிறோம். ஒடிசாத் தாய்மார், "எங்களுக்குத் தமிழ் வராதே, எப்படிப் பேசுவது?" என்று கேட்கிறார்கள். உங்கள் பாஷையிலேயே பேசுங்கள், உங்கள் தாலாட்டையே பாடுங்கள் என்கிறோம்.

டப்பாவின் கணக்கு

ஐந்தரைக் கிலோ எடையுள்ள மூன்று, நான்கு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 825 மில்லி பால் வேண்டும். முப்பது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்றால் நாளைக்கு இருபத்தேழு கரண்டி. ஒரு கரண்டியில் சுமார் நாலரை கிராம் மாவு. ஆக, நாளொன்றுக்கு 120 கிராமுக்கு மேல். 400 கிராம் டப்பா மூன்றே நாளில் தீர்ந்துவிடும். ஒரு மாதத்துக்கு ஒன்பது, பத்து டப்பா வேண்டும். கடையில் இன்று ஒரு டப்பா விலை என்ன என்று கேட்டு, நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒரு தொழிலாளி வீட்டால் அது முடியாது. அதனால்தான் நாலு கரண்டி ஒரு கரண்டி ஆகிறது. வயிறு நிறைந்ததுபோல் தோன்றும். தண்ணீரால் நிறைந்த வயிறு.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் தாய்க்குப் பால் ஊறும். புட்டி வந்தால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும். குறைந்தால் ஊறுவதும் குறையும். நாம் இலவசமாகக் கொடுத்த டப்பா சில நாளில் தீர்ந்துபோகும். அதற்குள் தாய்ப்பாலும் குறையத் தொடங்கியிருக்கும். பிறகு அந்த வீடு டப்பாவை விட முடியாது. சுத்தமான தண்ணீரும், புட்டியைக் கொதிக்க வைக்க நேரமும் இல்லாத அறையில் வயிற்றுப்போக்கும் கூடவே வருகிறது.

இந்தியாவில் இதற்கென்று 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. பால் மாற்று உணவுகளை விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. அதோடு, அநாதை இல்லங்களுக்குத் தவிர வேறு எவருக்கும் பால்பவுடரையோ பால் புட்டியையோ தானமாகக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நாங்கள் இதை உரிய காலத்தில் படிக்கவில்லை. நல்லெண்ணத்தால் செய்தோம், ஆயினும் தவறு எங்களுடையதே.

தாயை இழந்த குழந்தைக்கும், சில நோயுள்ள தாயின் குழந்தைக்கும் மாற்றுப் பால் தேவைப்படலாம். அது மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி, தொடர்ந்து கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்து போன்றது. பரிசுப் பொட்டலத்தில் வைத்துக் கொடுப்பது அல்ல.

வேலைக்குப் போகும் தாய்க்கு

தாயைக் குறை சொல்ல இந்தப் பாடம் எழுதப்படவில்லை. அவள் வேலைக்குப் போவதும் குழந்தைக்காகத்தான். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்களோ பாதிக்குச் சற்றே அதிகம். பிரசவம் வரை நாம் நன்றாகவே கவனிக்கிறோம். அதற்குப் பிறகுதான் தாய் தனித்துவிடப்படுகிறாள்.

சட்டம் அவளுக்குச் சிலவற்றைத் தருகிறது. 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. முழுவதையும் பிரசவத்துக்குப் பின் எடுத்தால் அது சரியாக ஆறு மாதம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய காலமும் அதே ஆறு மாதம். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே போய் வரலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. மூலம் மகப்பேற்றுப் பணம் உண்டு. ஆனால் குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். கருவுற்ற நிலையில் ஒப்பந்தம் அறுந்துபோனால் இந்த வரிசையெல்லாம் அறுந்துபோகிறது. ஆகவே கருவுற்றது தெரிந்தவுடனேயே இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துப் பார்க்கும்படி நம் செவிலியர் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்பே வேலைக்குப் போக நேர்ந்தால், பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் சுத்தம் செய்த எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி மூடி வைத்தால் சாதாரண அறையில் நான்கு மணி நேரம் கெடாது; கடும் வெயில் காலத்தில் அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் ஒரு நாள் இருக்கும். அடுப்பில் வைக்கக் கூடாது; வெந்நீரில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். புட்டி வேண்டாம், நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை அல்லது சங்கு போதும். கழுவ எளிது, கிருமி தங்க இண்டு இடுக்கு இல்லை. வேலை முடிந்து வந்ததும், இரவிலும், விடுமுறை நாளிலும் மார்பிலேயே கொடுத்தால் பால் வற்றாது.

ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு தொடங்க வேண்டும். தாய்ப்பாலும் தொடர வேண்டும். குழைந்த சாதத்தில் பருப்பும் ஒரு துளி எண்ணெயும், கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், பிறகு முட்டை, கீரை என்று சேர்க்கலாம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத அளவு கெட்டியாக இருக்கட்டும். தண்ணீர்க் கஞ்சியில் சத்து இல்லை. தொடக்கத்தில் இரண்டு மூன்று கரண்டி. ஒன்பது மாதத்தில் அரைக் கிண்ணம் வீதம் நாளைக்கு மூன்று நான்கு வேளை. ஓராண்டுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. பிறந்தவுடன் நாக்கில் தடவுவதும் கூடாது.

தடுப்பூசிகள் பிறந்தவுடன், 6, 10, 14ஆம் வாரங்களில், ஒன்பதாம் மாதத்தில் என்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகின்றன. ஊர் மாறினாலும் அட்டையைக் கையோடு கொண்டுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தாமதியாமல் வர வேண்டிய நேரம்

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், ஐந்து மாதமாகியும் தலை நிற்காவிட்டால், ஒன்பது மாதம் முடிந்தும் தானாக உட்காராவிட்டால், ஓராண்டாகியும் பெயருக்கும் ஓசைக்கும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கற்றுக்கொண்ட ஒன்றை மறந்துபோனால் எந்த மாதமானாலும் காட்ட வேண்டும். பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, மூச்சு வாங்கும்போது நெஞ்சு உள்ளிழுத்தல் ஆகியவை தெரிந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

அன்னாளின் வீடு

சாமுவேலின் தாய் அன்னாளை நாம் அவளது ஜெபத்துக்காக நினைவுகூருகிறோம். அதற்குப் பின் அவள் செய்ததை அதிகம் பேசுவதில்லை. வீட்டார் ஆண்டுதோறும் சீலோவுக்குப் போகும் பயணத்துக்குக்கூட அவள் போகவில்லை. பிள்ளை பால் மறக்குமட்டும் வீட்டில் தங்கினாள். கணவன் எல்க்கானாவும் அதற்கு இசைந்தான். பாலூட்டும் காலத்தை அந்த வீடு அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. வரிசை வீட்டுத் தாய்க்கு அந்த நேரத்தை யார் ஒதுக்கிக் கொடுப்பது?

நீங்கள் செய்யக்கூடியது

அங்கன்வாடியில் விளையாடிப் படிப்பது இரண்டு வயது முடிந்த பிள்ளைகள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தையைப் பகலில் விட்டுச்செல்ல வரிசை வீடுகளின் பக்கத்தில் இடமில்லை. உங்கள் காணிக்கையை டப்பாவாக அன்றி, இந்த வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் சம்பளமாகவும், வீட்டுச் சந்திப்புக்குப் போகும் செவிலியரின் பயணச் செலவாகவும், கேழ்வரகாகவும், பாலாடையாகவும் மாற்றித்தர வேண்டுகிறோம். உங்கள் சபையில் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் வீட்டுச் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். பாலூட்டும் தாய்க்கு இரவு ஷிஃப்ட் போடாமல் இருக்கவும், ஒரு மாத வாடகையைப் பொறுத்துக்கொள்ளவும் அவர்களால் முடியும். எந்தப் பார்சலாலும் கொடுக்க முடியாத உதவி இது.

அந்தப் பெண் குழந்தையைப் பற்றிக் கேட்பீர்கள். கெட்டியான உணவும் வாராவாரச் சந்திப்பும் கிடைத்தன. பக்கத்து அறை அக்காவே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் மடியில் வைத்துப் பேசிப் பேசி ஊட்டினார். பத்தாம் மாதத்தில் உட்கார்ந்தது. பதினான்காம் மாதத்தில் சுவரைப் பிடித்து நின்றது. எடை இன்னும் குறைவுதான். ஆனால் செவிலியரைக் கண்டால் இப்போது கைகொட்டுகிறது.

கூடிப் பேசுவதற்கு

1. நம் சபையில் ஓராண்டு நிறையாத குழந்தையுள்ள வீடுகள் எத்தனை? வேலைக்குப் போகும் அந்தத் தாய்மாருக்குப் பகலில் யார் துணை?

2. நாம் கொடுத்த பொருள் ஒன்று பெற்றவருக்குச் சுமையானது உண்டா? அதை எப்படி அறிந்துகொண்டோம்?

3. நம் வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதம் என்ன கொடுத்தோம்? பாட்டிமார் சொன்னதில் எது இன்றும் நல்லது, எதை விட்டுவிட வேண்டும்?

4. வரும் கிறிஸ்துமஸ் பார்சலில் டப்பாவுக்குப் பதிலாக எதை வைப்போம்?

உங்கள் குழுவின் பதில்களை எங்களுக்கு எழுதுங்கள்.